மாங்கொட்டை நடலாமா, ஒட்டுக்கன்று வாங்கலாமா?

அன்புள்ள சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

தின்று ருசித்த மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் கிடைக்குமா என்பதற்குக் கொட்டையே பாதி பதில் சொல்லிவிடும். கொட்டையின் மேலோட்டை மெதுவாக நெம்பித் திறந்து பாருங்கள். உள்ளே பருப்பு புளியங்கொட்டை மாதிரி சீராக இரண்டு பிளவாக இருந்தால் ஒற்றைக் கரு. மகரந்தச் சேர்க்கையில் உண்டான அதில் தகப்பன் மரத்தின் பங்கும் உண்டு; தாயைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. அல்போன்சா, நீலம், பங்கனப்பள்ளி எல்லாம் இந்த ரகம். தாய் மரத்துக் கிளையை ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்றுதான் வழி.

பருப்பு பல துண்டுகளாக நெருக்கியடித்துக் கிடந்தால் பல கரு. தாய்லாந்தின் நாம் டாக் மாய், பிலிப்பைன்ஸின் கரபாவோ இப்படி. ஒரே கொட்டையில் நாலைந்து முளைகூட வரும். பெரும்பாலானவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை என்பதால் தாயின் நகல்தான்.

ஒற்றைக் கரு என்றால் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1902-இல் ஃபுளோரிடாவில் கேப்டன் ஹேடன் என்பவர், இந்தியாவிலிருந்து போன முல்கோபா மரத்தின் கொட்டைகளை நட்டார். அதில் வந்த ஒரு மரம் சிவப்பு பூசிய பழம் தந்து, அவர் பெயரையே பெற்றது. உலகச் சந்தைக்கெல்லாம் போகும் டாமி அட்கின்ஸ் அந்த ஹேடன் வழி வந்ததுதான்.

சரி, ஒட்டுக்கன்றே வாங்கியாயிற்று. அப்புறமும் நடும் இடத்தின் வெயில், குளிர், மழை நம்மை விடாது. சிவப்பு நிறத்துக்கு மரபணு வேண்டும், வெயிலும் வேண்டும். அதே மரத்தில் இலைக்குள் மறைந்த பழம் பச்சையாகவே நிற்பதைப் பார்க்கலாம். பூப்பதற்கு இரவுக் குளிர் பெரிய தூண்டுதல். குளிரே இல்லாத வெப்ப மண்டலத்தில் கிளைத் துளிர் முற்றினால்தான் பூ, அதுவும் தாறுமாறாக வரும். குளிர் ரொம்ப அதிகமானாலும் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காது. பூத்த நேரத்தில் மழை பெய்தால் பூஞ்சைநோய் வந்து பூங்கொத்து முழுக்கக் கருகிவிடும். என்னைக் கேட்டால், பேர்போன ரகம் காய்க்காமல் போவதற்கு இந்தப் பூக்கால மழைதான் முக்கியக் காரணம். அதைவிட்டு மண்ணைக் குறை சொல்கிறார்கள்.

அதனால் கன்று வாங்கும் முன் ரகத்தின் பெயரோடு சேர்த்து, உங்கள் பகுதியில் மா பூக்கும் மாதத்தில் மழை எப்படி என்றும் விசாரியுங்கள். மழை இருக்குமென்றால் பூஞ்சைநோயைத் தாங்கும் ரகமாகக் கேளுங்கள். நட்ட பிறகு கிளைகளை அடர விடாமல் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுங்கள்.