கறுப்பு அரக்குக் கிண்ணத்துக்கு எந்த நிறப் பின்னணி பொருந்தும்?

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் இருந்து எழுதுகிறேன். பர்மாவின் பகான் ஊரில் செய்யும் அரக்குக் கிண்ணங்களையும் வெற்றிலைப் பெட்டிகளையும் இணையத்தில் விற்க ஆரம்பித்திருக்கிறேன். படம்தான் சரியாக வரமாட்டேன் என்கிறது.

மூங்கிலைப் பின்னி, மரப்பாலைப் பல தடவை பூசி, மயிரிழை போலக் கோடு கீறி நிறம் ஏற்றுகிறார்கள். அந்தக் கோடு படத்தில் தெரியாவிட்டால் யார் வாங்குவார்கள்? வெள்ளை சார்ட் தாளில் வைத்தால் போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. தாள் சாம்பலாகிறது, கிண்ணம் கரிக்கட்டியாகிறது. கறுப்புத் துணியில் விளிம்பே காணாமல் போகிறது. அம்மாவின் பச்சை லுங்கியை விரித்தேன். பளபளப்பில் பச்சை ஏறி, மஞ்சள் கோடு வேறு நிறமாகிவிட்டது. நிறம் மாறித் தெரிந்தால் வாங்குபவரை ஏமாற்றியது போல ஆகிவிடும், அதுதான் என் கவலை.

இங்கே கரண்ட் அடிக்கடி போவதால் ஜன்னல் வெளிச்சம்தான். மெல்லிய வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிய பிறகு கிண்ணத்தின் வயிற்றில் ஜன்னல் சட்டம் தெரிவது குறைந்தது.

அடுத்து வெளிர் சாம்பல் தாளா, சந்தன நிறப் பருத்தித் துணியா, மெருகிடாத தேக்குப் பலகையா? பித்தளை விளக்கு, பீங்கான் மாதிரி மினுங்கும் பொருள் விற்பவர்கள் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த படம் இருந்தால் அதையும் போடுங்கள்.