போல் பைதன் கூட்டுக்குள்ளை மரத்தூளுக்குப் பதிலா என்ன விரிக்கலாம்?

கொக்குவில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை ஒரு வயசுப் போல் பைதன் (ஆபிரிக்க மலைப்பாம்பு) இருக்கு, நிறை 400 கிராம் மட்டில. கண்ணாடித் தொட்டி, நீளம் 90, அகலம் 45, உயரம் 45 செ.மீ. மேல்மூடி முழுக்கக் கம்பிவலை. ஒரு பக்கத்துக்கு அடியிலை ஹீற் மற் (கரண்டிலை சூடாகிற விரிப்பு) ஒட்டிக்கிடக்கு. விரிப்பு மரக்காலையிலை எடுத்த தூள், 4 செ.மீ. அளவு. பல மரத்தின்ரை தூளும் கலந்தது.

இப்ப மூண்டு பிரச்சினை. தோல் முழுசாக் கழராமல் துண்டு துண்டா வருது. மூச்சு விடேக்கை மெல்லிய விசில் சத்தம் கேக்குது. வயித்துச் செதிலிலை, வால்ப்பக்கமா, ஓரங்கள் கபில நிறமா மாறுது. தூளை மாத்த வேணும் எண்டு விளங்குது. மணற்காட்டு மணல், உமி, தேங்காய் மட்டைத் தும்புத்தூள் எண்டு ஆளுக்கொண்டு சொல்லுகினம். இஞ்சத்தைய வெக்கைக்கும் மாரிக்கும் எது சரிவரும்? எறும்புத் தொல்லையும் இருக்கு.

வடமராட்சியான்:
தம்பி, புது விரிப்பைப் பிறகு பாப்பம். இண்டைக்கே அந்தத் தூள் முழுக்க வெளியாலை போகட்டும்.

மரக்காலைத் தூளிலை என்ன கிடக்கெண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. பைன் பெட்டிப் பலகை அரிஞ்ச தூள் இருந்தால் அதின்ரை வாசனை எண்ணெய் சுவாசத்தையும் ஈரலையும் கெடுக்கும். உளுக்காமல் இருக்க மருந்தடிச்ச பலகையும் அதே வாளிலைதான் அரிபடுது. மரமே நல்லதெண்டாலும் மாவு மாதிரித் தூள் மூக்குக்குள்ளை போய்ச் சளியோடை ஒட்டும். பாம்புக்கு எங்களைப்போலை உதரவிதானம் இல்லை, இருமித் துப்ப வழியில்லை. உள்ளை போனது லேசிலை வெளியாலை வராது. அதாலைதான் உந்த விசில் சத்தத்தைச் சும்மா விடக்கூடாது.

கூட்டைக் கழுவ டெற்றோல், பினைல் ரெண்டும் வேண்டாம். ரெண்டுமே ஊர்வனவுக்கு நஞ்சு. சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சவர்க்காரமும் போட்டுத் தேச்சுப்போட்டு, வீட்டிலை பாவிக்கிற பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி ஒன்பது பங்கு கலந்து பூசி, பத்து நிமிசம் விட்டுக் கழுவுங்கோ. பிறகு வெயிலிலை காயட்டும். பிளீச் மணம் கொஞ்சம் இருந்தாலும் பாம்பை உள்ளை விட வேண்டாம்.

காஞ்ச பிறகு பழைய பேப்பர் நாலு தாள் விரியுங்கோ. மினுமினுப்பான விளம்பரத் தாள் ஈரத்தை உறிஞ்சாது, அதை விடுங்கோ. வயிறு சுகமாகிறவரைக்கும் பேப்பர்தான். பாக்க வடிவில்லைத்தான். ஆனால் எச்சம், ரத்தம், உண்ணி எல்லாம் வெள்ளைத் தாளிலை உடனை தெரியும். உண்ணி எண்டால் ஊசித்தலை அளவிலை கறுப்புப் புள்ளி மாதிரி இருக்கும், தண்ணிக் கிண்ணத்துக்குள்ளையும் செத்து மிதக்கும்.

சங்கத்தானை:
வயிற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பாம்பைக் கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் வயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரம் மட்டும் கபிலமாக, தொட்டால் உலர்ந்து கட்டியாக இருந்தால் ஆரம்பநிலைச் செதில் அழுகல். செதிலுக்கு அடியில் நீர்க்கொப்புளம், சிவப்பு, செதில் தூக்கி நிற்பது, கெட்ட மணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக்கூடாது. ஹீற் மற்றால் சுட்ட காயமும் இதே இடத்தில்தான் வரும். கபிலம் மற் இருக்கிற பக்கத்தில் படுக்கும் இடத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஆரம்பநிலைக்கு 10% பொவிடோன் அயடீன் கரைசலில் 10 மி.லீ. எடுத்து ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள். நிறம் ஐதான வெறுந்தேத்தண்ணி அளவில் இருக்க வேண்டும், அதற்குமேல் கடுமையானால் தோலை எரிக்கும். தட்டையான பாத்திரத்தில் வயிறு நனையும் உயரத்துக்கு மட்டும் ஊற்றி 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு ஒரு தரம். பக்கத்தில் நில்லுங்கள், தலை தண்ணீருக்குள் போகக்கூடாது. எடுத்ததும் துடைத்து உலர்த்தி, உலர்ந்த பேப்பரில் விடுங்கள்.

மூச்சுச் சத்தத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். கழராத தோல் மூக்குத்துவாரத்தில் அடைத்திருந்தால் விசில்போல் கேட்கும், அது அடுத்த தரம் தோல் முழுசாகக் கழர்ந்ததும் போய்விடும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, வாயோரத்தில் நுரை அல்லது சளி, தலையை மேலே தூக்கியபடி இருப்பது தெரிந்தால் அது சுவாசத் தொற்று. அதற்கு ஊசி மருந்து வேண்டும், அளவை மிருக வைத்தியர் நிறை பார்த்துத்தான் தீர்மானிப்பார். மனிதருக்குக் கொடுக்கும் அன்ரிபயோற்றிக்கை உடைத்துக் கொடுக்காதீர்கள். இங்கே பார்க்க முடியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையைக் கேளுங்கள்.

தீவான்:
ஒரு விசயம் இடையிலை. உது போல் பைதன்தானே, எங்கடை வெங்கிணாந்தி (உள்ளூர் மலைப்பாம்பு) இல்லைத்தானே? இலங்கையின்ரை பாம்புகளைப் பிடிச்சு வீட்டிலை வைக்கேலாது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு. வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவரவும் வனசீவராசிகள் திணைக்களத்தின்ரை அனுமதி வேணும். காட்டுயிர்களின்ரை சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைற்றிஸ் ஒப்பந்தத்தின்ரை ரெண்டாம் பட்டியலிலையும் போல் பைதன் இருக்கு. கடதாசியளைப் பத்திரமா வைச்சிருங்கோ, வைத்தியரிட்டைக் கொண்டு போகேக்கையும் உதவும்.

பொச்சுமட்டை:
வயிறு சுகமான பிறகு என்ன விரிக்கிறது எண்ட கேள்விக்கு வாறன். இஞ்ச கிடைக்கிறதிலை தும்புத்தூளும் பொச்சுத் துண்டும் கலந்ததுதான் சரி. ஏனெண்டால் போல் பைதன் மேற்கு, மத்திய ஆபிரிக்காவின்ரை புல்வெளிப் பாம்பு. வெளியாலை வெக்கையா இருந்தாலும் அது பகல் முழுக்க எலிப் பொந்து, கறையான் புத்துக்குள்ளைதான் கிடக்கும். அங்கை காத்திலை ஈரப்பதம் இருக்கும், ஆனால் படுக்கிற நிலம் சொதசொதக்காது. அதைத்தான் நாங்கள் கூட்டுக்குள்ளை உண்டாக்க வேணும்: காத்து 55 முதல் 65 வீதம், தோல் கழருற காலத்திலை 70, வயிறு படுற மேல்தட்டு காஞ்சபடி.

உங்கடை தொட்டிக்கு 6 செ.மீ. உயரம் எண்டால் 24 லீற்றர் வேணும். தும்புத்தூள் ரெண்டு பங்கு, பொச்சுத் துண்டு ஒரு பங்கு. அதாவது 16 லீற்றர் தூள், 8 லீற்றர் துண்டு. தும்புத்தூளை அமத்திச் செய்த 5 கிலோக் கட்டி ஊறினால் 70 லீற்றர் மட்டில வரும், ஆனபடியால் ஒண்டேகால் கிலோ உடைச்செடுத்தால் போதும். மிச்சத்தை நனையாமல் கட்டி வையுங்கோ. பசளை கலந்த நாற்றுமேடைக் கட்டியை வாங்க வேண்டாம். வெறும் தூள், கழுவினது எண்டு கேட்டு வாங்குங்கோ.

கழுவினது எண்டு சொல்லி வித்தாலும் திருப்பிக் கழுவுங்கோ. கடலோரத்திலை ஊறப்போட்ட மட்டையிலை இருந்து வாற தூளிலை உப்புக் கிடக்கும். ஒரு வாளியிலை ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியிலை கொட்டிப் பிழிஞ்சு, மூண்டு தரம் தண்ணி மாத்துங்கோ. கிணத்துத் தண்ணி உவரெண்டால் அதிலை கழுவிப் பிரயோசனமில்லை, கடைசித் தண்ணியாவது மழைத்தண்ணியோ குடிதண்ணியோ ஆக இருக்கட்டும். பிறகு கறுப்புப் பொலித்தீன் மேலை மெல்லிசாப் பரப்பிக் காயவிடுங்கோ. சித்திரை வெயிலிலை கெதியிலை காஞ்சிடும், மாரியிலை தாழ்வாரத்துக்குள்ளை இருந்து இழுபடும்.

பொச்சுத் துண்டுக்கு நல்லாக் காஞ்ச மட்டையை எடுத்து, வெளித்தோலைச் சீவிப்போட்டுக் கொடுவாக்கத்தியாலை ஒன்று, ஒன்றரை செ.மீ. துண்டா வெட்டுங்கோ. நீளத் தும்பு தொங்கினால் பிடுங்கிப்போடுங்கோ, அது பல்லிலை சிக்கும். ஒரு நாள் ஊறவிட்டு, கபிலத் தண்ணியைக் கொட்டி, வெளிறும்வரை மாத்திக் காயவிட வேணும். துண்டில்லாமல் தூளை மட்டும் போட்டால் கொஞ்ச நாளிலை அமந்து இறுகி, அடியிலை காத்துப் போகாமல் புளிச்ச மணம் வரும்.

ஈரம் எவ்வளவு எண்டு அளவுகோல் தேவையில்லை. ஒரு கைபிடி அள்ளி இறுக்கிப் பொத்துங்கோ. விரலுக்கிடையிலை தண்ணி சொட்டினால் ஈரம் கூடிப்போச்சு. கையை விரிச்சவுடனை பொலபொலவெண்டு உதிர்ந்தால் காணாது. உருண்டையா நிண்டு, விரலாலை ஒரு தட்டுத் தட்டினால் உடைஞ்சால் அதுதான் பதம். இது அடித்தட்டுக்கு. மேலை ரெண்டு செ.மீ. காஞ்ச தூளைப் போடுங்கோ. பிறகு ஈரம் குறைஞ்சால் மேலாலை தெளிக்க வேண்டாம், குளிரான பக்கத்து மூலையிலை ஒரு கப் தண்ணியை ஊத்துங்கோ. அது அடியாலை பரவும், மேல்தட்டு காஞ்சபடி கிடக்கும். செதில் அழுகல் கனக்க வாறது மேலாலை தெளிக்கிறதாலைதான்.

கம்பிவலை மூடியிலை மூண்டிலை ரெண்டு பங்கை மூடுங்கோ. சோளகக் காத்து அடிக்கிற மாசங்களிலை திறந்த வலையாலை ஈரம் முழுக்கப் போயிடும், தோல் துண்டு துண்டா வாறது அதாலைதான். வாடைக்காத்தும் மழையும் தொடங்கினால் தண்ணி ஊத்துறதை நிப்பாட்டி, மூடியைக் கொஞ்சம் கூடத் திறந்து விடுங்கோ. ஈரமானி ஒண்டைச் சுவரிலை ஒட்டாமல் விரிப்புக்கு ரெண்டு விரல் மேலை வையுங்கோ, பாம்பு கிடக்கிறது அந்த உயரத்திலைதான்.

வடமராட்சியான்:
மற்றதுகளையும் சொல்லிப்போட்டு விடுறன். மணற்காட்டு மணலிலை உப்பும் கிடக்கு, ஈரமும் பிடிக்காது, இரையோடை உள்ளை போனால் குடலிலை கட்டும். உமியின்ரை நுனி கூர், வாய்க்குள்ளை குத்தும், நனைஞ்சால் பூஞ்சணம். வைக்கோலிலை சிறுபூச்சி. தோட்டத்துச் செம்மண்ணிலை புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் அடிச்ச மருந்து இருக்கும். வேப்பமிலையைப் போட்டால் உண்ணி வராது எண்டு சொல்லுவினம். பூச்சியைக் கொல்லுற இலையை மூடின கூட்டுக்குள்ளை பாம்பின்ரை மூக்குக்குக் கீழை வைக்கிறதை நான் ஒருக்காலும் சரியெண்டு சொல்லமாட்டன்.

எதை விரிச்சாலும் உறைஞ்ச எலியை இளக்கி, துடைச்சு, ஒரு ஓட்டுத் துண்டு மேலையோ தட்டு மேலையோ வைச்சுக் குடுங்கோ. ஈர எலியிலை தூள் அப்பிக்கொண்டு வரும்.

கொக்குவில்காரன்:
மிச்சம் நன்றி எல்லாருக்கும். தூளை அள்ளிப்போட்டுப் பேப்பர் விரிச்சாச்சு. வயித்திலை கொப்புளம் இல்லை, ஓரம் மட்டும்தான் கபிலம், ஆனால் மற் இருக்கிற பக்கத்திலைதான் கூட. மற்றுக்குத் தேர்மோஸ்ரற் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) இல்லை, நேரா பிளக்கிலை கிடக்கு. 6 செ.மீ. தூள் போட்டால் சூடு மேலை வருமோ? எறும்புக்குக் கூட்டைச் சுத்திச் சோக்குக் கீறலாமோ?

பொச்சுமட்டை:
மற்றை இப்பவே கழட்டுங்கோ. தேர்மோஸ்ரற் இல்லாத மற் கண்ணாடியை 45 பாகைக்கு மேலையும் கொண்டு போகும். பாம்பு சூடு தேடித் தூளைத் தோண்டி நேரா அந்தக் கண்ணாடியிலை வயித்தை வைச்சுப் படுக்கும், சுட்டாலும் எழும்பாமல் கிடக்கக்கூடும். தேர்மோஸ்ரற் வாங்கி, அதின்ரை உணரியை மற்றுக்கும் கண்ணாடிக்கும் இடையிலை ஒட்டி 32 பாகையிலை விடுங்கோ. சூட்டுப் பக்கத்திலை தூள் ஒரு செ.மீ.க்கு மேலை வேண்டாம், குளிர்ப் பக்கத்திலை 6 இருக்கலாம். இடையிலை ஒரு தடுப்புப் பலகை வைச்சால் தூள் சரியாது. அறையே 32 பாகை இருக்கிற பகலிலை மற் தேவையில்லை, குளிர்ப் பக்கம் அளவுக்கு மேலை சூடாகாமல் பாக்கிறதுதான் அப்ப வேலை. 35 தாண்டினால் ஆபத்து.

எறும்புச் சோக்கு, பூச்சிமருந்துத் தூறல், நப்தலீன் உருண்டை ஒண்டும் அந்த அறைக்குள்ளையே வேண்டாம். நுளம்புத்திரியும் வேறை அறையிலை. மேசையின்ரை நாலு காலையும் நாலு கிண்ணத்துக்குள்ளை வைச்சுத் தண்ணி விட்டு, ஒரு சொட்டுச் சவர்க்காரம் விடுங்கோ. எறும்பும் கடக்காது, நுளம்பும் பெருகாது. மேசை சுவரிலை முட்டாமல் நிக்கட்டும், மற்றின்ரை வயரும் தேர்மோஸ்ரற் வயரும் கிண்ணத்துக்கு மேலாலை பாலம் போடாமல் மேலையிருந்து தொங்கி வரட்டும்.