நாட்பட்ட மூச்சிரைப்பு உள்ளவருக்குப் பாதம் மரத்துப்போவது ஏன்?

கேள்வி:
வணக்கம். நாங்கள் சாயல்குடிப் பக்கம். 62 வயதாகும் என் தந்தை சீமைக்கருவேல மரத்தில் கரிமூட்டம் போட்டே காலம் கழித்தவர், பீடியும் புகைத்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் சிஓபிடி எனப்படும் நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். சில மாதங்களாக இரு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போலிருப்பதாகவும் இரவில் எரிவதாகவும் சொல்கிறார். சென்ற வாரம் கடற்கரையில் சிப்பி கிழித்ததையே, வீட்டுத் தரையில் கறையைக் கண்டு அம்மா சொன்ன பிறகுதான் அறிந்தார். வயதானால் இப்படித்தான் என்று ஒரு மருத்துவர் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். நுரையீரலுக்கும் கால் நரம்புக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் நெடுங்காலம் குறைவாக இருந்தால், நரம்புகளுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டு நரம்பிழைகள் நலிகின்றன. மிக நீண்ட நரம்புகள் முதலில் தளர்வதால் பாதத்தில்தான் தொடங்கும். புகையும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. ஆனாலும் நுரையீரலின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். சரிசெய்யக்கூடிய வேறு காரணங்களையே முதலில் தேட வேண்டும். மூச்சிரைப்பு முற்றும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருந்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவைக் குறிக்கும். வைட்டமின் பி12, தைராய்டு, மதுப்பழக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். உணர்வற்ற வெளிர்ந்த படை தோலில் உண்டா என்றும் கவனியுங்கள். தொழுநோய் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால், அது நரம்பாக இல்லாமல் ஸ்டீராய்டால் வந்த தசைத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். நரம்புக் கடத்தல் சோதனை இதைப் பிரித்துக் காட்ட உதவும்.

பதில் 2:
தந்தைக்குக் காசநோய் சிகிச்சை நடந்ததா? தொண்டியிலுள்ள என் மாமாவுக்கு அந்த மாத்திரைகளைத் தொடங்கிய பின்தான் பாதம் எரிந்தது. அதிலுள்ள ஐசோனியசிட் உடலில் வைட்டமின் பி6-ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும் என்று மருத்துவர் விளக்கி, பி6 சேர்த்துக் கொடுத்த பின் படிப்படியாகக் குறைந்தது. எரிகிறது என்று காசநோய் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காசநோய் வந்ததில்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை எடுத்திருக்கிறார். இது கால் நரம்புவரை போகும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. இராமநாதபுரத்தில் பரிசோதனை செய்ததில் சராசரிச் சர்க்கரை 7.8 சதவீதம், பி12-உம் குறைவு. விரலில் மாட்டிப் பார்த்தபோது ஓய்வில் ஆக்சிஜன் 87.

பதில் 1:
ஓய்விலேயே 88-ஐத் தாண்டவில்லை என்றால், வீட்டில் நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் தேவையா என்று நுரையீரல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை வெயிலில் காய்ந்த மணலிலும் உப்பளத்திலும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். தினமும் மாலையில் உள்ளங்காலை அம்மா ஒருமுறை விளக்கொளியில் பார்த்துவிடட்டும். கால் கழுவும் வெந்நீரின் சூட்டையும் அவரே கை வைத்துப் பார்க்கட்டும்; தந்தையின் பாதத்தை நம்ப முடியாது.