புதுப்பிப்பு: கும்பகோணத்து வீடு எந்த நிலையில் இருக்கிறது

அப்பா காலமான பிறகு கும்பகோணத்து ஓட்டு வீட்டை விற்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. வீட்டின் மேல் கடன், அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சிக்கல் இல்லை. பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்தாயிற்று. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும்; அதை முன்பே பேசிவிடுவது நல்லது.

வீட்டுச் சாமான்களில் அம்மா தவித்தது அம்மிக்காகத்தான். அரைத்து அரைத்து நடுவில் குழிந்து, வழவழவென்று இருக்கும். புளி போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கொடுத்தார். சித்தி எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போது என்னாலும் தாங்க முடியவில்லை.

அப்புறம், வீட்டு வரி, கரண்ட் பில் ரசீதுகளை இந்த வாரம் சேர்த்து வைக்கப் போகிறேன்.