ஆஹனுக்குப் படிக்க வருபவர்களுக்கு: வளாகத்தில் உங்கள் வாரத்தை எப்படி அமைத்துக்கொள்வது

அக்டோபரில் ஜெர்மனியின் ஆஹன் நகருக்கு, ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஆட்டோமோட்டிவ், ப்ரொடக்ஷன் என்று முதுநிலை படிக்க வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். விசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்பே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு), விமான டிக்கெட் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்து இறங்கிய பிறகு வளாகத்தில் வாரா வாரம் என்ன நடக்கிறது, சிக்கல் வந்தால் எங்கே போவது என்பதைத்தான் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்று மனதில் பதிய வேண்டும். நம் ஊர் கல்லூரியில் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் வீட்டுக்குத் தகவல் போகும், எச்.ஓ.டி. கூப்பிட்டு விசாரிப்பார், இன்டர்னல் தேர்வுகள் அவ்வப்போது உலுக்கிவிடும். இங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவே கிடையாது. பல பாடங்களில் முழு மதிப்பெண்ணும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் ஒரே தேர்வில்தான். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நீங்கள் அறையிலேயே கிடந்தாலும் யாரும் தேடி வர மாட்டார்கள். அதை அக்கறை இல்லாமை என்று நினைக்க வேண்டாம். விவரம் தெரிந்த பெரியவராக உங்களை நடத்துகிறார்கள். உதவி எல்லாமே இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாக. ஆனால் அதைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். அதனால் முதல் இரண்டு வாரத்திலேயே எந்த நாளில் எங்கே போவது என்று தீர்மானித்து நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். நவம்பர் பாதியில் மழையும் இருட்டும் வந்த பிறகு புதிதாக எதையும் தொடங்க மனம் வராது. டிசம்பரில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும்.

யூபுங், ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே

ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரை தவிர வாரந்தோறும் யூபுங் உண்டு. கணக்குகளைப் போட்டுக் காட்டும் வகுப்பு அது. ஸ்லைடு மூடுல் என்ற பாடத் தளத்தில் கிடைக்கிறதே என்று நம்மவர்கள் முதலில் விடுவது இதைத்தான். தேர்வில் வரும் கணக்கின் சாயல் விரிவுரையில் இருப்பதைவிட யூபுங்கில்தான் அதிகம் இருக்கும், எனவே நேரம் குறைவாக இருக்கும் வாரத்தில் விரிவுரையைக்கூட விடலாம், யூபுங்கை விடாதீர்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூபுங் எடுப்பவர் பெரும்பாலும் அந்த இன்ஸ்டிட்யூட்டில் முனைவர் ஆய்வு செய்யும் உதவியாளர். ஹிவி வேலைக்கு, அதாவது மாணவ உதவியாளர் வேலைக்கு, ஆள் எடுப்பவர் அவர். நாளைக்கு உங்கள் மாஸ்டர் தீசிஸைத் தினசரி பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்தான். பேராசிரியரைப் பார்ப்பது அரிது. இவரை வாரம் ஒருமுறை பார்க்கலாம். முன் வரிசையில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் உருப்படியான ஒரு கேள்வி கேட்பவரின் முகம் அவருக்கு நினைவிருக்கும். இங்கே வேலை தேடல் தொடங்கும் இடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டே என்பது சந்தேகம் கேட்பதற்கென்றே ஒதுக்கிய நேரம். சிலர் வாரந்தோறும் வைப்பார்கள், சிலர் தேர்வுக்கு முன்பு மட்டும். நம்மில் பலருக்குத் தயக்கம் வரும்: இது கூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? அப்படி நினைக்க மாட்டார்கள். எதுவரை போட்டீர்கள், எங்கே நின்றீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றுமே முயலாமல் 'இந்தச் சாப்டரே புரியவில்லை' என்று நின்றால்தான் அவர்களுக்கு உதவத் தெரியாது. மெயில் எழுதும்போது மெட்ரிகுலேஷன் எண் (பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண்), பாடத்தின் பெயர், ஒரே கேள்வி, இவ்வளவு போதும். நம் ஊர் பாணியில் 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டாம்.

ஃபாக்ஷாஃப்ட்

ஒவ்வொரு துறைக்கும் மாணவர்களே நடத்தும் ஃபாக்ஷாஃப்ட் ஒன்று உண்டு. செமஸ்டர் தொடங்கும் முன் புதியவர்களுக்கான அறிமுக நாட்களை நடத்துவது, பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்து வைப்பது, எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுத்தால் தாங்கும் என்று சொல்வது எல்லாம் இவர்கள்தான். அலுவலக நேரத்தில் நேரே உள்ளே போய்க் கேட்கலாம். வாராந்தரக் கூட்டம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கும், ஆனால் தனியாகக் கேட்டால் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அறிமுக நாட்களில் நகரைச் சுற்றிக் காட்டும் விளையாட்டெல்லாம் இருக்கும், சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். போங்கள். தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் கூட்டாளிகள் பெரும்பாலும் அந்த நாட்களில் கிடைப்பவர்கள்தான்.

நம்மவர்களோடு மட்டும் குழு சேர்ந்து படிப்பது சௌகரியம், தப்பில்லை. குழுவில் இரண்டு உள்ளூர் மாணவர்களாவது இருந்தால் தேர்வு விதிகள் பற்றிய செய்தி உங்களுக்கு நேரத்தோடு வந்து சேரும்.

தேர்வு விதிகள்: இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

இங்கே தேர்வுக்கு நீங்களே ஆர்.டபிள்யூ.டி.எச். ஆன்லைன் தளத்தில் பதிய வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் அந்த முறை எழுத முடியாது. தயாராகவில்லை என்றால் விலகுவதற்கும் ஒரு தேதி உண்டு. பதிந்துவிட்டு, விலகாமல், தேர்வுக்கும் போகாமல் இருந்தால் அது தோல்விக் கணக்கில் சேரும். மதிப்பெண் 1.0-லிருந்து 5.0 வரை, 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி.

ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றும் போய்விட்டால் படிப்பிலிருந்தே நீக்கப்படுவீர்கள். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் முடியாமல் போகும். நம் ஊர் அரியர் போல எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு வராதீர்கள். இரண்டாவது முறை தவறினால் காத்திருக்காமல் அந்த வாரமே படிப்பு ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் படிப்பின் தேர்வு ஒழுங்குமுறையை உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவதும் நல்லது. வாய்மொழித் துணைத்தேர்வு போன்ற விஷயங்கள் அதில்தான் இருக்கும்.

தேர்வு நாளில் உடம்பு சரியில்லையா? மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கி உடனே தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு எழுதிவிட்டு, பிறகு காய்ச்சல் என்று சொன்னால் எடுபடாது.

அப்புறம், நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது ஐன்ஸிஹ்ட். மதிப்பெண் வந்த பிறகு உங்கள் விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் குறிப்பார்கள். அன்று போய், திருத்தியது சரியா, ஏதாவது படி விடுபட்டதா என்று பார்த்து, அங்கேயே கேட்கலாம். இதை வம்பு என்று யாரும் நினைப்பதில்லை, அது உங்கள் உரிமை. 4.0-க்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவில் நிற்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம் ஒரு வாய்ப்பையே மிச்சப்படுத்தலாம். விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் போடும் முன் இந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

கையால் செய்து பழகும் இடங்கள்

எக்யூரி ஐக்ஸ் என்பது இங்குள்ள ஃபார்முலா ஸ்டூடண்ட் அணி. பந்தயக் காரை மாணவர்களே வடிவமைத்துக் கட்டுகிறார்கள். சோனன்வாகன் அணி சூரிய ஒளியில் ஓடும் காரைக் கட்டி, ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடக்கும் சோலார் பந்தயத்துக்கு 2017-லிருந்து போகிறது. ராக்கெட் பிரியர்களுக்கு ஸ்பேஸ் டீம் ஆஹன் இருக்கிறது. செமஸ்டர் தொடக்கத்தில் அறிமுகக் கூட்டம் வைத்து ஆள் சேர்ப்பார்கள், அதன் பிறகு வாராந்தரக் கூட்டங்கள். கேட் (CAD, கணினியில் வடிவமைப்பது), அனாலிசிஸ் என்று ரெஸ்யூமேயில் எழுதியிருப்பதை நிஜமாகச் செய்து காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நேரத்தை நிறையக் கேட்கும் வேலை. முதல் செமஸ்டரில் ஐந்தாறு தேர்வு வைத்துக்கொண்டு இதிலும் முழுதாக இறங்காதீர்கள். சின்னப் பொறுப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

வேலைச் சந்தைக்கு பாண்டிங் என்ற மாணவர் அமைப்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1988-ல் ஆஹனில்தான் அது தொடங்கப்பட்டது. குளிர்காலத்தில் அவர்கள் நடத்தும் நிறுவனக் கண்காட்சிக்கு ஏராளமான கம்பெனிகள் வரும், மாணவர்களுக்கு அனுமதி இலவசம். முதல் வருடம் வேலை கிடைக்காவிட்டாலும் போய், எந்தக் கம்பெனி எவ்வளவு ஜெர்மன் கேட்கிறது என்று விசாரித்து வாருங்கள்.

அந்த பதிலைக் கேட்டாலே ஜெர்மன் வகுப்பின் அருமை புரிந்துவிடும். பல்கலைக்கழக மொழி மையத்தில் எல்லா நிலையிலும் வகுப்பு உண்டு. நிலை அறியும் தேர்வும் பதிவும் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் வரும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆங்கிலத்திலேயே படிப்பு முடிந்துவிடுகிறதே என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டவர்கள் கடைசியில் படும் பாடு வருத்தமாக இருக்கிறது.

வேலை நேரம் பற்றிச் சுருக்கமாக: வெளியே வேலை பார்க்க வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்பது இப்போதைய வரம்பு. பல்கலைக்கழகத்தில் பார்க்கும் ஹிவி வேலை அந்தக் கணக்கில் வராது. முடிந்தவரை ஹிவி தேடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பு, சாப்பாடு, துணை

பல்கலைக்கழக விளையாட்டு மையத்தில் பேட்மிண்டனிலிருந்து நடனம் வரை வாராந்தர வகுப்புகள் உண்டு, கட்டணம் குறைவு. பதிவு திறக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருங்கள், பிரபலமான வகுப்புகள் சில நிமிடத்தில் நிரம்பும். மதியம் மென்சாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், சாப்பிடுங்கள். சைவ உணவு தினமும் உண்டு. காரம் இருக்காதுதான். ஆனாலும் தினமும் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது அறையில் தனியாகச் சமைத்துத் தின்பதைவிட மனதுக்கு நல்லது.

பல்கலைக்கழக இன்டர்நேஷனல் ஆபீஸ் நடத்தும் 'பிபடி' திட்டத்தில் பெயர் கொடுத்தால் ஏற்கெனவே படிக்கும் மாணவர் ஒருவரைத் துணையாகத் தருவார்கள். இதற்கு ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடலாம். போன்ட்ஷ்ட்ராஸெ தெருவில் உள்ள ஹும்போல்ட் ஹவுஸில் பல நாட்டு மாணவர் அமைப்புகளின் மாலைகள் நடக்கும்.

மனம் சோர்ந்தால், பணம் தீர்ந்தால்

இந்தப் பகுதி தேவைப்படாதவர்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து அறைத் தம்பிக்குத் தேவைப்படலாம். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை, வீட்டில் போனை எடுக்கப் பயமாக இருக்கிறது என்றால் பல்கலைக்கழகத்தின் மைய ஆலோசனைப் பிரிவில் உளவியல் ஆலோசனைக்கு நேரம் கேளுங்கள். கட்டணம் இல்லை, ஆங்கிலத்திலும் பேசலாம். நீங்கள் சொல்வது பேராசிரியருக்கோ வீட்டுக்கோ விசா அலுவலகத்துக்கோ போகாது. கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாததை எங்கேயாவது சொல்லித்தான் ஆக வேண்டும். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 0800 1110111 என்ற தொலைபேசி உதவி எண் 24 மணி நேரமும் இலவசம். பேச்சு முக்கியமாக ஜெர்மனில்தான் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112. அவசரமில்லாத ஆனால் காலைவரை காத்திருக்க முடியாத நோய்க்கு 116117.

பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும். திடீரென்று பல் சிகிச்சையோ வாடகை முன்பணமோ வந்தால் இடறும். மாணவர் சங்கமான ஆஸ்டாவில் சமூக ஆலோசனை, சட்ட ஆலோசனை எல்லாம் கிடைக்கும். வீட்டு உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால் முதலில் அங்கே போங்கள். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மாணவர் சமூகங்களும் நெருக்கடியில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவுகின்றன. என்ன மதம் என்று பார்ப்பதில்லை. பணத்துக்காக வட்டிக்கு வாங்கி, அதை அடைக்க இரவு வேலைக்குப் போய், யூபுங்கை விட்டு, தேர்வையும் விடும் நிலைக்கு யாரும் போக வேண்டியதில்லை.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் வேலையைக் காலாவதிக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள், நேரம் கிடைப்பது கடினம். சந்தேகம் இருந்தால் சூப்பர்சி கட்டடத்தில் உள்ள இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்கலாம். வீட்டு முகவரிப் பதிவு குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.

ஊர் ஞாபகம் அதிகமானால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலுக்குப் போய் வாருங்கள். ஈழத்தமிழர்கள் எழுப்பிய பெரிய கோவில், 2002-ல் குடமுழுக்கு நடந்தது. கோடையின் தொடக்கத்தில் தேர்த்திருவிழா. ஆஹனில் ஏறும் ஆர்இ1 ரயில் நேராக ஹம் வரை போகிறது, மாணவர்களுக்கான பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட்டே போதும். கோவில் ஊர்ப்புறத்தில் இருப்பதால் ஸ்டேஷனிலிருந்து பஸ் பார்க்க வேண்டும்.

விசா தாமதமாகி நவம்பரில்தான் வர முடியும் என்பவர்களுக்கு: கடைசிச் சேர்க்கைத் தேதி என்ன, தாமதத்துக்கு அனுமதி உண்டா என்று படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு இப்போதே மெயில் போடுங்கள். மூடுலுக்கு அனுமதி கிடைத்ததும் யூபுங் தாள்களை ஊரிலிருந்தே போடத் தொடங்கலாம். வந்ததும் முதலில் ஃபாக்ஷாஃப்டுக்குப் போய் விட்டுப்போன அறிமுக நாட்களின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். அந்த வாரமே தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதியையும் பார்த்துவிடுங்கள். முதல் செமஸ்டரில் மூன்று பாடம் போதும்.