இரண்டு ரெசிஸ்டரின் வோல்டேஜைக் கூட்டினால் பேட்டரி வோல்டேஜ் வரவில்லை. அவசரம்!

மின்மினி:
நாளை செய்முறை ஏட்டைக் காட்ட வேண்டும். ஒரே மதிப்புள்ள இரண்டு ரெசிஸ்டரைத் தொடர் இணைப்பில் போட்டு பேட்டரி கொடுத்திருக்கிறேன். பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றிலும் 4.29 தான் காட்டுகிறது, கூட்டினால் 8.58. மீதி எங்கே போனது? மீட்டர் புதியது. சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்கட்டர்:
பேட்டரி எத்தனை வோல்ட்? ரெசிஸ்டர் எத்தனை ஓம்? இரண்டையும் சொல்லாமல் கேட்டால் எப்படி?

தாமிரக்கம்பி:
பேட்டரி சோர்ந்திருக்கும். இந்த மாதிரி வந்தபோதெல்லாம் எனக்கு பேட்டரிதான் காரணமாக இருந்தது. மாற்றிப் பாருங்கள்.

கெபாசிட்டர்:
மூடிய சுற்றில் வோல்டேஜ் கணக்கு சரியாக வந்தே தீரும் என்று கிர்க்காஃப் 1845இலேயே சொல்லிவிட்டார். தவறு விதியில் இல்லை, உங்கள் கையில். ரெசிஸ்டருக்கு டாலரன்ஸ் (குறித்த மதிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு) என்று ஒன்று உண்டு, அதுவாவது தெரியுமா? அடிப்படையைப் படித்துவிட்டு மீட்டரைத் தொடுங்கள்.

மின்மினி:
மன்னிக்கவும். 9 வோல்ட் பேட்டரி, நேராக அளந்தால் 9.01. ரெசிஸ்டரில் உள்ள வண்ண வளையங்கள் பழுப்பு, கருப்பு, பச்சை, தங்கம்.

வயர்கட்டர்:
அப்படிச் சொல்லுங்கள்! பழுப்பு 1, கருப்பு 0, பச்சைக்கு ஐந்து சுழியம். 10,00,000 ஓம், அதாவது 1 மெகா ஓம். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

டிஜிட்டல் மீட்டருக்கும் உள்ளே ஒரு தடை உண்டு, வோல்ட் அளவையில் பெரும்பாலும் 10 மெகா ஓம். ப்ரோபை (மீட்டரின் அளவிடும் முனையை) வைத்ததும் அது உங்கள் 1 மெகாவுக்குப் பக்க இணைப்பாகச் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் 0.909 மெகா. 9.01 × 0.909 ÷ 1.909 போட்டுப் பாருங்கள், அதே 4.29 வரும். அந்த நேரத்தில் மற்ற ரெசிஸ்டரில் 4.72 வோல்ட் இருக்கிறது. அடுத்து ப்ரோபை அங்கே மாற்றினால் இது ஏறி, அது இறங்கும். குறைகிற பக்கத்தையே இரண்டு முறையும் பார்த்திருக்கிறீர்கள். கையில் ஒரு தவறும் இல்லை.

டாலரன்ஸ் காரணமாக இருந்தால் ஒன்று கூடி மற்றொன்று குறையும், கூட்டுத்தொகை மாறாது. பேட்டரியும் இல்லை. 4.5 மைக்ரோ ஆம்பியர் எடுப்பதற்கெல்லாம் அது சோர்ந்துபோகாது.

தாமிரக்கம்பி:
சரி, பேட்டரி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சின்ன மதிப்பாகப் போடட்டும். 10 ஓம் போட்டால் மீட்டர் ஒன்றும் செய்ய முடியாது.

வயர்கட்டர்:
வேண்டாம்! 9 ÷ 20 என்றால் 0.45 ஆம்பியர். ஒவ்வொன்றிலும் 0.45 × 0.45 × 10, ஏறக்குறைய 2 வாட். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும், அதற்கு முன்பே பேட்டரி துவண்டுவிடும். 10 கிலோ ஓம் போடுங்கள், 2 மில்லி வாட்தான் ஆகும்.

கெபாசிட்டர்:
தடை கூடினால்தான் சூடு கூடும். I²R (கரண்ட் × கரண்ட் × தடை) என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நீங்கள் சொல்வது தலைகீழ்.

பச்சைஎல்ஈடி:
V²/R (வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ தடை) என்றும் அதே பாடத்தில்தான் இருக்கிறது ஐயா. தடை குறைந்தால் சூடு கூடும்.

கெபாசிட்டர்:
இருபது வருடமாக இதே வேலை பார்க்கிறேன்.

வயர்கட்டர்:
இரண்டும் சரிதான். எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட், அதனால் பெரிய தடை அதிகம் சுடும். பக்க இணைப்பில் ஒரே வோல்டேஜ், அங்கே சின்னதுதான் சுடும். இங்கே பேட்டரி மாறவில்லை, இரண்டு தடையையும் சேர்த்துக் குறைக்கிறோம். கரண்ட் எகிறும், சூடும் ஏறும்.

பச்சைஎல்ஈடி:
என்னிடம் பழைய முள் மீட்டர் இருக்கிறது, வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம். 10 வோல்ட் அளவையில் வைத்தால் மொத்தம் 200 கிலோ ஓம்தான். இந்த 1 மெகா சுற்றில் அது 1.3 வோல்ட்தான் காட்டும்!

மின்மினி:
10 கிலோ ஓம் போட்டேன். 4.47, 4.53. கூட்டினால் 9.00. பழைய அளவீட்டையும் காரணத்தோடு ஏட்டில் எழுதிவிட்டேன். நன்றி வயர்கட்டர் அண்ணா.