பாரிஸில் மீராபாய் சானு: 114 கேட்டது தப்பா, 111-ல் தொடங்கியது தப்பா?

கேள்வி: தட்டுக்கணக்கு

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (எடை ஏற்றிய கம்பியை, அதாவது பாரை, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது; சுருக்கமாக ஜெர்க்) 119 கிலோ தூக்கினார். 49 கிலோ பிரிவில் அன்றைக்கு அது உலக சாதனை. 2024 ஆகஸ்ட் 7-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜெர்க்கின் மூன்றாவது, கடைசி முயற்சிக்கு 114 கேட்டு அது விழுந்தது. ஸ்னாட்ச் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 88, ஜெர்க் 111, இரண்டும் சேர்ந்து மொத்தம் 199, நாலாவது இடம். வெண்கலம் வாங்கிய தாய்லாந்தின் சுரோட்சனா கம்பாவ் 200. அப்படியானால் 113 கேட்டாலே 201 வந்திருக்குமே? 114 எதற்கு?

பதில் 1: கடைசிமணி

முதலில் 112-ஐ ஒதுக்கிவிடுவோம். 88 + 112 = 200, கம்பாவுடன் சமம். சமமானால் அந்த மொத்தத்தை முதலில் எட்டியவருக்குத்தான் மேலிடம். உடல் எடை குறைந்தவருக்கு இடம் என்பது பழைய விதி, இன்னும் பல பேர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவரைத் தாண்டக் குறைந்தது 113 வேண்டும், அதில் உங்கள் கணக்கு சரி.

ஆனால் பாரில் ஏற்றிய எடை இறங்காது. குறைவான எடை கேட்டவர் முதலில் வந்து தூக்க வேண்டும், கூடக் கேட்டவர் பின்னால் வருவார். ஒரு கிலோ கூட்டிக் கேட்டால் மற்றவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு மேடையேறலாம். ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததற்கு எடை சொல்ல வேண்டும், அதன்பின் இரண்டு முறை மாற்றலாம். அதுவும் கடிகாரத்தில் கடைசி 30 விநாடி மணி அடிக்கும் முன்னால். பின்னறையில் பயிற்சியாளர்கள் ஆடும் ஆட்டமே இதுதான்.

இன்னொன்று: பெண்களுக்கான பார் 15 கிலோ, தட்டுகளைப் பிடித்து நிறுத்தும் இரண்டு பூட்டு சேர்ந்து 5 கிலோ. 114 என்றால் பக்கத்துக்கு 47: சிவப்புத் தட்டு 25, நீலத் தட்டு 20, சின்னத் தட்டில் 2. 113 என்றால் பக்கத்துக்கு 46.5. அரைக் கிலோ வித்தியாசத்தால் பதக்கம் போச்சு என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 2: வெள்ளைவிளக்கு

114-ஐ விடுங்க, முதல் முயற்சியைப் பாருங்க. அவரது ஜெர்க் வரிசை:

டோக்கியோ 2021: 110 சரி, 115 சரி, 117 தவறு.
பர்மிங்ஹாம் காமன்வெல்த் 2022: 109 சரி, 113 சரி, 115 தவறு.
பாரிஸ் 2024: 111 தவறு, 111 சரி, 114 தவறு.
நார்வேயின் ஃபோர்டேயில் உலகப் போட்டி 2025: 109, 112, 115, மூன்றும் சரி.

நாலில் அதிகமான தொடக்கம் பாரிஸில்தான், விழுந்ததும் அதுதான். தொடக்க எடை என்பது எவ்வளவு மோசமான நாளிலும் கையில் நிற்க வேண்டியது. அது தவறினால் அதே எடைக்கு இன்னொரு முயற்சி போய்விடும், மேலே ஏற மிச்சம் ஒன்றே ஒன்று. ரியோ 2016-ல் இதைவிட மோசம்: ஜெர்க் மூன்றும் தவறி மொத்தமே இல்லாமல் வெளியே வந்தார். அங்கே ஜப்பானின் ஹிரோமி மியாகே வெண்கலம் வாங்கியது 188-க்கு. மீராபாய் அதற்கு முன் பாட்டியாலா தகுதிப் போட்டியில் தூக்கியது 192!

119-ஐ அளவுகோலாக எடுப்பதும் தப்பு. ஹாங்சோ ஆசியப் போட்டியில் இடுப்பில் அடிபட்டு, மாதக்கணக்கில் ஓய்வு. 2024 ஏப்ரலில் புக்கெட்டில் திரும்ப வந்தபோது 81 + 103 = 184. அங்கிருந்து நாலு மாதத்தில் 111-ல் தொடக்கம்.

பதில் 3: அகலப்பிடி

வெள்ளைவிளக்கு சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பாரிஸில் வெள்ளி 205-க்குப் போனது. 88-ஐ வைத்துக்கொண்டு அதை எட்ட ஜெர்க்கில் 117 வேண்டும். 109-ல் தொடங்கினால் இரண்டே தாவலில் 8 கிலோ. உயரத் தொடங்கியதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

வேர் ஸ்னாட்ச்சில் இருக்கிறது. 2020 பிப்ரவரி தேசியப் போட்டியில் 88, பர்மிங்ஹாமில் 88, பாரிஸில் 88. பர்மிங்ஹாமில் 90 கேட்டார், தவறியது. ஸ்னாட்ச் பொதுவாக ஜெர்க்கில் 78 முதல் 83 சதவீதம் வரை இருக்கும். டோக்கியோவில் தங்கம் வாங்கிய ஹோ ஜிஹுய் 94-க்கு 116, அதாவது 81. மீராபாய் 87-க்கு 115, 76-ஐக்கூடத் தொடவில்லை. தாஷ்கண்டில் 86-க்கு 119, வெறும் 72.

கால் பலத்தில் குறை இருந்தால் ஜெர்க்கும் வராது, ஆகவே கால் அல்ல. ஸ்னாட்ச்சில் பிடி அகலம், பார் ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போய் நிற்க வேண்டும். இரு தோளும் ஒரே மாதிரி திறக்காவிட்டால் பார் ஒரு பக்கம் சாயும், முன்னால் விழும். ஜெர்க்கில் பிடி குறுகல், நடுவில் தோளில் வைத்து மூச்சு வாங்கலாம், அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. 2020 அக்டோபரில் அமெரிக்காவில் ஆரன் ஹோர்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்டிடம் போனதே இந்தத் தோள் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான்.

தட்டுக்கணக்கு:

நன்றி. அப்படிப் பார்த்தால் ஃபோர்டேயிலும் ஸ்னாட்ச் 84-தான், 87 இரண்டு முறை தவறியது. ஆனாலும் வெள்ளி!

பதில் 4: வெள்ளைவிளக்கு

84 + 115 = 199. பாரிஸில் நாலாவது இடம் கொடுத்த அதே எண். மூன்றாவது வந்த தாய்லாந்துக்காரர் 198, இம்முறை ஒரு கிலோ நம் பக்கம். தங்கம் வாங்கிய வட கொரியாவின் ரி சாங் கும் 213, அது எட்டாத தூரம். ஃபோர்டே 48 கிலோ பிரிவு. லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கு ஆகக் குறைந்த பிரிவே 53. அங்கே 199 எந்த மூலைக்கு?

அகலப்பிடி:

ஒரு லாபம் உண்டு, எடை பார்க்கும் காலையில் தண்ணீர் குடிக்காமல் வதங்க வேண்டாம். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பார்கள், இழந்த நீர் அதற்குள் முழுசாகத் திரும்பாது, அடி விழுவது ஜெர்க்கில். 53-ல் அந்தச் சிக்கல் போகும். ஸ்னாட்ச் 90-ஐத் தாண்டுமா என்பது வேறு கேள்வி.